பின்னறை நிலைக்காலில் கரையான்: பார்த்ததும் செய்ததும்

வீட்டுக்குள் கரையான் கண்ணில் பட்டால் கரப்பான் ஸ்ப்ரேயை எடுத்து அடிக்காதீர்கள். சுவரில் அது மண்ணால் கட்டியிருக்கும் மூடுபாதையை, அந்த மண்கோட்டை, துடைப்பத்தால் தட்டிவிடவும் வேண்டாம். இரண்டு நாள் விட்டுவைத்தால் வீடு ஒன்றும் இடிந்துவிடாது. கரையான் எங்கிருந்து ஏறுகிறது, எந்த ஈரத்தை நம்பிப் பிழைக்கிறது என்று காட்ட அந்த மண்கோட்டை விட்டால் வேறு ஆள் இல்லை. அதை அழித்துவிட்டால் கரையான் சாகாது, இடம்தான் மாறும். அடுத்த தடவை அலமாரிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத பக்கமாக ஏறும்.

எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். தொண்ணூறுகளில் கட்டியது. இந்தப் பக்கத்து வழக்கப்படி அடித்தளத்துக்குள் கேப்பர் மலைச் செம்மண்ணைக் கொட்டி நிரப்பி, அதன்மேல் கான்கிரீட், அதன்மேல் மொசைக். பிற்பாடு மொசைக்கை உடைக்காமல் மேலேயே டைல்ஸ் ஒட்டினோம். கட்டும்போது மண்ணுக்குக் கரையான் மருந்து ஊற்றினார்களா என்று அத்தையைக் கேட்டேன். "அப்பல்லாம் யாரும்மா அதைப் பத்திப் பேசினாங்க? உங்க மாமா சிமெண்டு மூட்டை எண்ணவே நேரமில்லாம நின்னாரு" என்றார்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது கொட்டிய மழையும், அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் தெருவுக்குள் ஆறு வரவில்லை. ஆனால் காம்பவுண்டுக்குள் நின்ற மழைத்தண்ணீர் வடியவே நாளாயிற்று. சித்திரை வந்தும் பின்பக்கச் சுவரில் முட்டிக்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. கடற்கரை ஊரில் உப்புப் பூக்காத சுவர் எது என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

கரையான் தெரிந்தது பின்னறைக் கதவு நிலையில். அடிப்பக்கத்தில் எனாமல் பெயிண்ட் லேசாக அலையடித்த மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. பெயிண்ட் தோல் மட்டும் நின்றிருக்கிறது, பின்னால் மரம் இல்லை. அந்த ஓட்டை வழியாக வெள்ளை வெள்ளையாக ஏழெட்டு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடின. பின்னாலேயே பழுப்புத் தலையோடு இரண்டு வந்து ஓட்டை வாயில் நின்றுகொண்டன. வெள்ளை வேலைக்காரக் கரையான், பழுப்புத் தலை காவல்காரன். சிறிது நேரத்தில் ஓட்டையின் விளிம்பில் ஈர மண்ணை வைத்து அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து காபி குடித்து முடிப்பதற்குள் பாதி மூடியாயிற்று. எனக்குக் கோபத்தை விட ஆச்சரியம்தான் வந்தது.

இந்த அடைக்கிற குணம் நமக்கு ஒரு வசதி. சுவரில் மண்கோடு இருந்தால் நடுவில் அரை அங்குலம் மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு மறுநாள் பாருங்கள். புது மண்ணால் ஒட்டுப் போட்டிருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. திறந்தபடியே கிடந்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தால் அது பெரும்பாலும் பழைய, கைவிட்ட பாதை. ஆனால் ஒரு பாதையைக் கைவிட்டால் வீட்டையே கைவிட்டதாக ஆகாது. பக்கத்தில் வேறு பாதை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மண்கோட்டின் நிறத்தையும் பாருங்கள். எங்கள் நிலைக்கால் ஓரத்தில் ஏறியது செக்கச்செவேலென்று இருந்தது. தோட்டத்து மண் சாம்பல் கலந்த மணல். ஆக, இது வெளியிலிருந்து வாசல்படி ஏறி வரவில்லை. தரைக்கு அடியில் நிரப்பிய செம்மண்ணிலிருந்து, டைல்ஸும் சுவரும் சேரும் இடுக்கு வழியாக வருகிறது. இந்த ஒரு விஷயம் தெரிந்ததால், மருந்து இறக்கத் தரையில் எங்கே துளை போடுவது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

அடுத்து வீடு முழுக்கத் தட்டிப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஒவ்வொரு நிலையையும் கீழிருந்து மேலாகச் சாண் சாணாகத் தட்ட வேண்டும். நல்ல மரம் கெட்டியாகச் சத்தம் தரும், அரித்த மரம் ‘டொக்’கென்று கூடாகக் கேட்கும். கூடாகக் கேட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு. பின்னறை நிலையில் இரண்டு கால்களும் கீழிருந்து ஒரு முழம்வரை போயிருந்தன. குளியலறைப் பக்கத்துக் கால் இன்னும் மோசம். மற்ற நிலைகள் தப்பித்திருந்தன. பரணில் அட்டைப் பெட்டியில் வைத்திருந்த பழைய பாடப்புத்தகங்கள் அடியில் மண் பூசிக் கிடந்தன. எடுத்தால் அட்டை மட்டும் கையில் வந்தது.

மரத்தில் பொடி கொட்டுவதெல்லாம் ஒரே பூச்சியின் வேலை இல்லை. இதை நிறையப் பேர் போட்டுக் குழப்புகிறார்கள். மண்ணிலிருந்து ஏறும் கரையான் பொடி கொட்டாது, அரித்த இடத்தை மண்ணால் நிரப்பும். மரத்தில் சின்ன வட்டத் துளைகள் இருந்து, கீழே பவுடராக மாவு கொட்டினால் அது உளுக்கிற வண்டு. மாவாக இல்லாமல் கசகசா அளவில், ஒரே மாதிரியான உருண்டைகள் குவியலாகக் கொட்டினால் அது உலர்மரக் கரையான். அந்த உருண்டையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆறு பட்டை தெரியும், அது அதன் எச்சம். கடலோர ஊர்களில் இந்த வகையும் உண்டு. இதற்கு மண்ணும் வேண்டாம், தனியாகத் தண்ணீரும் வேண்டாம், நாற்காலிக் காலுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். எங்கள் பூஜை அலமாரிக்குக் கீழே இருந்த பண்ருட்டிப் பலா மணைப்பலகை ஒன்றில் இந்த உருண்டைகள் இருந்தன. தரையில் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் இதற்குப் போய்ச் சேராது. பலகையை வெளியே எடுத்துப் போய் எரித்துவிட்டேன். அத்தைக்கு மனசே இல்லை, அவர் கல்யாணத்துக்கு வந்த சீர்.

சிறகு முளைத்த கரையான்தான் ஈசல், அதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் மழை பெய்த சாயங்காலம் தெருவிளக்கைச் சுற்றி ஈசல் பறந்தால் பயப்பட ஒன்றும் இல்லை, அது எங்கோ ஒரு புற்றிலிருந்து வந்தது. அத்தையின் ஊரில் விளக்கு வைத்துப் பிடித்து, வறுத்து, பொரியோடு கலந்து தின்பார்களாம். ஆனால் சன்னல் எல்லாம் சாத்தியிருக்கும்போது வீட்டுக்குள் சுவர் இடுக்கிலிருந்தோ நிலை ஓரத்திலிருந்தோ ஈசல் கிளம்பினால், காலையில் சன்னல் திட்டில் உதிர்ந்த இறக்கைகள் கிடந்தால், கூடு வீட்டோடு ஒட்டியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சிறகு முளைத்த எறும்பையும் ஈசல் என்று எண்ணி ஏமாற வேண்டாம். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், மீசை முட்டிபோல் மடங்கியிருக்கும், முன் இறக்கை பெரிது, பின் இறக்கை சிறிது. ஈசலுக்கு இடுப்பே கிடையாது, மீசை நேராக இருக்கும், நான்கு இறக்கையும் ஒரே நீளம்.

இனி ஈரம். வேலைக்காரக் கரையானின் உடம்பு மெல்லிய தோல், வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்து செத்துவிடும். அதனால்தான் அது மண்ணால் மூடுபாதை கட்டிக்கொண்டு நடக்கிறது. ஈரம் அறுந்தால் மருந்தில் பாதி வேலை மிச்சம். எங்கள் வீட்டில் மூன்று இடத்தில் ஈரம் இருந்தது.

முதலாவது குளியலறை. பின்னறைக்கும் அதற்கும் பொதுச் சுவர். ராத்திரி எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு, மேல்தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். காலையில் மட்டம் இறங்கியிருந்தது. பிளம்பர் வந்து வாஷ்பேசினுக்குப் பின்னால் டைல்ஸை உடைத்ததும் சுவருக்குள் குழாய் வளைகிற எல்போவில் சொட்டுச் சொட்டாகக் கசிவது தெரிந்தது. எத்தனை வருஷமாகக் கசிந்ததோ, உள்ளே செங்கல் கரைந்து பிசைந்த மாவாகக் கையோடு வந்தது. இரண்டாவது ஏ.சி. தண்ணீர். வெளிச் சுவரின் அடியிலேயே விழும்படி குழாயை விட்டிருந்தார்கள். நான்கடி ஹோஸ் வாங்கிச் செருகி ஒரு வாளிக்குள் விட்டாயிற்று. இப்போது அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறோம். மூன்றாவது தோட்டத்து மண். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மண் அடித்துக் கொட்டி, பின்பக்கத் தரை அடித்தளத்தின் மேல்மட்டத்தைத் தொட்டுவிட்டது. அதற்கு மேலே இருப்பது வெறும் செங்கல், ஈரம் ஏறத் தடையே இல்லை. சுவரை ஒட்டி மண்ணை வெட்டி இறக்க ஆள் விட்டோம்.

அந்த மண்ணை வெட்டும்போதுதான் உண்மையான குற்றவாளி வெளியே வந்தான். பின்சுவருக்கு ஓரடி தள்ளி, மண்வெட்டி ‘சதக்’கென்று எதிலோ இறங்கியது. தோண்டிப் பார்த்தால் சவுக்குக் கட்டை. சாரம் கட்டும்போது நட்டு, வேலை முடிந்ததும் மேலே இருந்ததை அறுத்துக்கொண்டு அடிக்கட்டையை மண்ணுக்குள்ளேயே விட்டுப் போயிருக்கிறார்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் சவுக்குக்கா பஞ்சம்? சாரம், முட்டு, முளைக்குச்சி எல்லாமே சவுக்குதான். கட்டை பட்டையும் மண்ணுமாக மட்டும் இருந்தது. அதை ஒட்டி இரண்டு கையளவுக் குழி. குழிக்குள் பழுப்பும் சாம்பலுமாக, துளை துளையான ஒரு கட்டி. தூக்கினால் உதிர்கிறது. அதன் மேலெல்லாம் கடுகை விடச் சிறிய வெள்ளை முத்துகள். அது காளான் தோட்டம். நம் மண்ணில் சகஜமான ஒரு வகைக் கரையான், தின்ற மரத்தையும் சருகையும் எச்சமாக அடுக்கி, அதன்மேல் காளான் வளர்த்துச் சாப்பிடுகிறது. மழைக்காலத்தில் புற்று மேட்டில் முளைக்கும் காளான் இந்த இனம்தான். மண் வெட்ட வந்தவர் "இதைத்தான்க்கா ராணி இருக்கிற இடம்னு சொல்வாங்க" என்று ஆவலாகக் கிளறினார். ராணி அகப்படவில்லை. அது ஆழத்தில் இருக்கும், தோண்டிப் பிடிப்பது நம்மால் ஆகிற காரியம் இல்லை.

வெளி ஆளைக் கூப்பிடலாமா என்று யோசித்தோம். ஒருவர் வந்து பார்த்தார். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொன்னார். துளை போடுவீர்களா என்று கேட்டதற்கு, "தேவையில்ல மேடம், சுவர் ஓரமா நல்லா ஸ்ப்ரே பண்ணிடுவோம், மூணு வருஷம் கேரண்டி" என்றார். டைல்ஸுக்கு மேலே அடித்த மருந்து டைல்ஸுக்குக் கீழே இருக்கும் மண்ணுக்கு எப்படிப் போகும்? அனுப்பிவிட்டேன். ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், எல்லோரையும் சொல்லவில்லை. கட்டிய வீட்டுக்குக் கரையான் மருந்து போடுவதற்கு ஐ.எஸ். 6313, பகுதி 3 என்று இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. அதன்படி சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர்வரை மருந்து இறக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10க்கு 12 அடி அறையின் சுற்றளவு 44 அடி, ஏறத்தாழ 13.4 மீட்டர். துளை 45 வரும். கலந்த மருந்து 45 லிட்டர்வரை உள்ளே போகும். முழு வீட்டையும் ஐந்து லிட்டர் டப்பாவோடு முடித்துவிட்டுப் போகிறவர் என்ன செய்துவிட்டுப் போகிறார் என்று இதிலிருந்தே தெரியும்.

மருந்துக்கு வருவோம். அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் "கேமக்சின் தூவு" என்கிறார்கள். கேமக்சின் என்பது பி.எச்.சி. என்ற பூச்சி மருந்து, அது 1997இலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆல்ட்ரின் என்ற இன்னொரு பழைய மருந்து அதற்கு முந்தின வருஷமே போயிற்று. யாராவது பழைய ஸ்டாக் என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள். இப்போது வழக்கில் இருப்பவற்றை இரண்டு வகையாகப் பார்க்கலாம். பைபென்த்ரின் போன்றவை விரட்டும். கரையான் கிட்டே வராது, ஆனால் மருந்து படாத இடைவெளியைத் தேடி அதன் வழியாக வரும். இமிடாகுளோபிரிட், ஃபிப்ரோனில் இரண்டும் விரட்டாது. கரையானுக்கு மருந்து இருப்பதே தெரியாது. அதன் வழியாக நடந்து, கூட்டுக்குப் போய், ஒன்றுக்கொன்று வாயால் ஊட்டியும் நக்கியும் பரப்பி, மெதுவாகச் சாகும். நமக்குத் துளைகளுக்கு நடுவே இடைவெளி விழத்தான் செய்யும், அதனால் எனக்கு இந்த இரண்டாவது வகைதான் சரியாகப் பட்டது. கரப்பான் ஸ்ப்ரே வேண்டாம் என்று முதலில் சொன்னதும் இதனால்தான். ஸ்ப்ரே நாற்றத்தில் பாதையை அடைத்துக்கொண்டு அது வேறு பக்கம் போய்விட்டால், வராத பாதையில் நல்ல மருந்தை ஊற்றி என்ன பயன்?

லாரன்ஸ் ரோட்டில் இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. என்ற, தண்ணீரில் கலக்கும் திரவ மருந்தை வாங்கினேன். லேபிளில் போட்டிருப்பது லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. ‘கொஞ்சம் சேர்த்தே ஊற்றுவோம்’ என்ற புத்தி நமக்கெல்லாம் உண்டு. அது வேண்டாம். கெட்டியாகக் கலந்தால் சீக்கிரம் செத்து, கூட்டுக்குக் கொண்டுபோகாது. மருந்து அளக்கத் தரும் சின்ன சிரிஞ்சால் அளந்து கலந்தேன். 45 லிட்டருக்கு மொத்தமே 95 மில்லிதான் வருகிறது.

துளை போடுவதுதான் உடம்பு வலிக்கும் வேலை. ஹாமர் டிரில்லை வாடகைக்கு எடுத்தோம். சாதாரண 12 மில்லிமீட்டர் பிட் நீளம் பத்தாது. டைல்ஸ், அதன் கீழே கலவை, அதன் கீழே மொசைக், அதற்கும் கீழே கான்கிரீட், இத்தனையும் தாண்டினால்தான் மண். ஓரடி நீள பிட் கேட்டு வாங்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்து, எக்ஸ்டென்ஷன் போர்டில் பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் எடுத்தோம், தரையில் ஒயர் எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் நிச்சயமில்லை. தண்ணீர்க் குழாய் போகும் பக்கத்தில் ஓரடி விட்டே துளைத்தேன். டைல்ஸின் நடுவில் வைக்காமல் டைல்ஸும் சுவர் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்கர்ட்டிங்கும் சேரும் ஜாயிண்டில் பிட்டை வைத்தால் விரிசல் விழாது. முதலில் ஹாமரை அணைத்துவிட்டு மெதுவாகச் சுற்றவிட்டு, டைல்ஸைத் தாண்டின பிறகு ஹாமரைப் போட வேண்டும்.

மண்ணைத் தொட்டது எப்படித் தெரியும் என்றால், பிட்டே சொல்லும். அதுவரை வெளியே வருவது சாம்பல் தூள், காய்ந்தது, மூக்கில் ஏறும். திடீரென்று டிரில் கையை விட்டு ஓரங்குலம் முன்னால் பாயும். இழுத்தால் பிட்டின் சுருளில் செம்மண் ஈரமாக ஒட்டிக்கொண்டு வரும். குளியலறைச் சுவர்ப் பக்கம் போட்ட துளைகளில் மண் சகதியாகவே வந்தது. எதிர்ப்பக்கம் காய்ந்த பொடி. ஈரத்தின் படத்தை இதைவிடத் தெளிவாக யாரும் வரைந்து காட்டமுடியாது.

மருந்தை இறக்க ஸ்ப்ரேயரின் மூக்கைக் கழற்றிவிட்டு ட்யூபை நேராகத் துளைக்குள் விட்டேன். சில துளைகள் கால் லிட்டரிலேயே நிரம்பி வழிந்தன. அவற்றைச் சற்று நேரம் விட்டு மறுபடி ஊற்றினால் இன்னும் கொஞ்சம் குடிக்கும். நிலைக்கால் பக்கத்துத் துளை ஒன்று ஒரு லிட்டரை மடமடவென்று உள்ளே இழுத்துக்கொண்டது. தரைக்கு அடியில் மண் இறங்கி வெற்றிடம் இருக்கலாம், அவர்களுடைய சுரங்கமாகவும் இருக்கலாம். லிட்டரோடு நிறுத்திவிட்டேன். மறுநாள் வெள்ளை சிமெண்டால் துளைகளை அடைத்து, மேலே டைல்ஸ் நிறத்துக்கு ஜாயிண்ட் பவுடர். இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. மாடி அறைக்கு இது எதுவும் தேவையில்லை, அங்கே தரைக்கு அடியில் மண் ஏது? மாடியிலும் துளை போட வேண்டும் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டுதான் செய்தேன். பிள்ளைகளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மீன் தொட்டியும் அவர்களோடு போயிற்று. காலி பாட்டிலைக் கழுவி வேறு எதற்கும் வைத்துக்கொள்ளக் கூடாது. இதைச் சொல்ல வேண்டியதில்லைதான், ஆனாலும் கடலை எண்ணெய் பூச்சி மருந்து டப்பாவில் இருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

வெளியே பின்சுவரை ஒட்டி மண்வெட்டி அகலத்தில் ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, வெளியே தெரிந்த அடித்தளச் சுவரில் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர் கணக்கில் ஊற்றினோம். இருபதடிச் சுவருக்கு 14 லிட்டர் சுமார். எடுத்த மண்ணையும் மருந்து தெளித்தே மூடினோம். கிழக்குப் பக்கச் சுவரில் மட்டும் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. அங்கே அடிபம்பு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் நீர்மட்டம் மேலேயே வந்துவிடும், மருந்து அதில் கலந்தால் நாமே குடிக்க வேண்டியதுதான். கிணறோ போரோ பக்கத்தில் இருப்பவர்கள் இந்த விஷயத்தில் பிடிவாதமாக இருக்க வேண்டும். மழை வரும் நாளில் வெளியே மருந்து ஊற்றுவதும் கூடாது. மாசியிலிருந்து வைகாசிக்குள் முடித்துவிடுவது நல்லது.

மருந்து போட்டுச் சில வாரம் கழித்துத்தான் ஆசாரியை வரவழைத்தோம். உடனே நிலையை மாற்றினால், உயிரோடு இருக்கிற கரையானுக்குப் புது மரத்தைப் பந்தி வைத்த கதையாகிவிடும். வயதானவர், துறைமுகத்தில் படகு வேலையும் பார்த்தவர். உளியால் பெயிண்ட் தோலை உரித்ததும் எல்லோருமே எட்டிப் பார்த்தோம். கட்டையின் ஒரு பக்கம் முழுக்க மண், அடுக்கடுக்காக. மறுபக்கம் கருத்த பழுப்பில் கெட்டியாக நின்றுகொண்டிருந்தது. உளியைக் குத்தினால் இறங்கவில்லை.

"வைரத்தத் தொடல பாரும்மா. வெள்ளைய மட்டும் வழிச்சுத் தின்னிருக்கு" என்றார்.

தேக்கு என்று காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனால் தேக்கிலும் வெளிவட்டத்து வெள்ளைக்குக் கரையானைத் தடுக்கும் சத்து கிடையாது. அந்தச் சத்தெல்லாம் நடுவில் இருக்கும் கருத்த கட்டையான வைரத்தில்தான். அளவு கூட்டிக் காட்ட வெள்ளையோடு அறுத்து, வார்னிஷ் அடித்து விற்றால் நமக்கு எங்கே தெரிகிறது? நிலையைச் சுவரோடு இறுக்க அந்தக் காலத்தில் அடித்த மாமர ஆப்புகளும் பின்னால் இருந்தன. இருந்தன என்பதை விட இருந்த இடம் இருந்தது என்று சொல்லலாம். ஆப்பு வடிவத்தில் மண்.

முழு நிலையையும் பெயர்த்தால் சுவரையும் டைல்ஸையும் உடைக்க வேண்டும். ஆசாரி வேண்டாம் என்றார். இரண்டு கால்களையும் அரித்த இடத்துக்கு மேலே ஒரு சாண் நல்ல மரம் வரும்படி அறுத்து, பழைய கட்டையிலும் புதுக் கட்டையிலும் பாதிப் பாதி செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்றைப் படியவைத்து ஸ்க்ரூ போட்டார். ஒட்டுக்கு வேம்பு. வெள்ளையில்லாமல் வைரமாகப் பார்த்து அவரே கொண்டுவந்தார். புதுக் கால் தரையைத் தொடாது. கீழே இரண்டு அங்குலத்துக்குக் கருங்கல் துண்டு, அதன்மேல்தான் மரம் உட்கார்ந்திருக்கிறது. அலசி விடும் தண்ணீர் இனி மரத்தில் ஊறாது. கரையான் ஏறினாலும் கல்லின் மேலே மண்கோடு போட்டுத்தான் ஏறவேண்டும், கண்ணில் பட்டுவிடும்.

சுவருக்குள் மறையும் பக்கத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம் என்று சொன்னவரும் அவர்தான். இங்கே படகுக்கு அதைப் பூசுவது வழக்கம், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற இடங்களில் கிடைக்கும். கருகருவென்று, தேனைவிடக் கெட்டியாக ஒரு திரவம். கையில் பட்டால் தோல் வெந்து கொப்புளம் வரும், முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அது பூசிய இடத்தில் பெயிண்ட் நிற்காது, கருமை போகாது. வெளியே தெரியாத பக்கத்துக்கு மட்டும்தான் சரி. நிலைக்குப் பின்னால் இருந்த இடைவெளியைக் கொத்தனார் கலவையால் நிரப்பினார். மர ஆப்பு ஒன்றுகூட வைக்கக் கூடாது என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன்.

உப்பு, மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் இதெல்லாம் போடலாமா என்று கேட்கிறார்கள். பட்ட கரையான் சாகும். படாதது கூட்டில் லட்சக்கணக்கில் இருக்கும். புத்தக அலமாரிக்கு வேப்பிலை போடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, லாபமும் பெரிதாக இருப்பதாகத் தெரியவில்லை.

அலமாரிகளை எல்லாம் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளிப் போட்டாயிற்று. பரணில் அட்டைப் பெட்டி போய் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி வந்தது. சமையலறைக் கீழ்த்தட்டுக்குப் பிளைவுட் மாற்றவேண்டியிருந்தபோது, மேலே ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளையாகக் கேட்டு வாங்கினோம். அது மருந்தேற்றித் தயாரிப்பது. ஐ.எஸ். 303 என்று போட்டு வருவது சாதாரண உள்வேலைக்கு. கடையில் இரண்டையுமே ‘வாட்டர் ப்ரூஃப்’ என்றுதான் சொல்வார்கள், முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

மருந்து ஊற்றாத கிழக்குச் சுவரைத்தான் இப்போது அடிக்கடி போய்ப் பார்க்கிறேன். சுவரை ஒட்டி இரண்டு இடத்தில் மண்ணில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவைப் புதைத்து, உள்ளே நனைத்த அட்டைத் துண்டும் மாமரச் சீவலும் போட்டு மூடி வைத்திருக்கிறேன். கரையான் வந்தால் முதலில் அங்கே வரும், மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் திறந்தபோது ஒன்றில் எதுவும் இல்லை. இன்னொன்றில் சிவப்பெறும்பு குடியேறியிருந்தது. எறும்பு இருக்கும் இடத்தில் கரையான் லேசில் தலைகாட்டாது என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக ஒரு டப்பாவை நான்கடி தள்ளிப் புதைத்திருக்கிறேன்.